வியாழக்கிழமை மறுபடியும் அதே நாடகம்

அக். 12, 1956, வெள்ளி
ஹ்யூபர்ட் இன்றும் வேலைக்குத் தாமதம். பஸ் நிறுத்தம் வரை போவார், கேஸ் குழாயை மூடினோமா என்று பார்க்கத் திரும்பி வருவார். மறுபடி போவார், மறுபடி வருவார். மனைவி நான் வீட்டில்தானே இருக்கிறேன்! "நான் பாத்துக்க மாட்டேனா?" என்றால் காதில் ஏறுவதில்லை. இப்படியே போனால் வேலை போய்விடும் என்று ஃபோர்மேன் சொல்லிவிட்டாராம். வழக்கம்போல வயிற்றுக் கோளாறு என்று தொழிற்சாலைக்குச் சொல்லி அனுப்பினேன். இந்தப் பொய் எத்தனை நாள் தாங்கும்?

அக். 14, ஞாயிறு
இந்தத் தெருவில் எங்களிடம்தான் டெலிவிஷன். பக்கத்து வீட்டு மிஸஸ் பிளாக்கெட், நாற்காலியும் கணவருமாக வந்துவிட்டார். விளக்கை அணைத்தோம். நாடகத்தில் ஒரு பள்ளி ஆசிரியர். கதவைப் பூட்டினோமா என்று திரும்பத் திரும்பப் பார்க்கிறார், வீட்டை விட்டுக் கிளம்பவே முடியவில்லை. அவர் மனைவி ஊரெல்லாம் பொய் சொல்லிச் சமாளிக்கிறாள். நான் ஹ்யூபர்ட் பக்கம் திரும்பாமல் திரையையே பார்த்தேன்.

மிஸஸ் பிளாக்கெட் விழுந்து விழுந்து சிரித்தார். "இந்த ஆளக் கட்டிக்கிட்டவ பாவம்! எங்கயாவது கொண்டுபோய் அடைச்சுப் போடாம..."

ஹ்யூபர்ட் எழுந்து பெட்டியை அணைத்தார். "ரிப்பேர் போல இருக்கு." அவர்கள் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அக். 15, திங்கள்
இன்றும் பஸ் நிறுத்தத்திலிருந்து திரும்பி வந்தார்.

அக். 17, புதன்
சூப் குடிக்கும்போது திடீரென்று கேட்டார்: "அந்த நாடகத்த நாளைக்குத் திரும்ப நடிக்கிறாங்கல்ல, மேவிஸ்?"

ஆமாம். ஞாயிறு நாடகத்தைப் படம்பிடித்து வைப்பதில்லை; வியாழன்தோறும் நடிகர்கள் எல்லோரும் ஸ்டுடியோவுக்குத் திரும்ப வந்து, முதலிலிருந்து மறுபடி நடிப்பார்கள்.

"பெட்டி இன்னும் சரியாகலன்னு பக்கத்து வீட்டம்மாகிட்ட சொல்லிடு."

சொன்னேன். பொய் சொல்வது எனக்குப் புதிதா என்ன?

அக். 18, வியாழன்
திரைச்சீலையை இழுத்துவிட்டு நாங்கள் இருவர் மட்டும். கடைசிக் காட்சியில் ஆசிரியர் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். "என்ன பிரச்சினை?" என்று டாக்டர் கேட்கிறார். நடிகருக்கு வசனம் மறந்துவிட்டது! நேரடியாக நடிப்பதில் இதுதான் தொல்லை. பாவம், திருதிருவென்று விழித்தார்.

ஹ்யூபர்ட் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "சொல்லுய்யா... என்னால நிறுத்த முடியலன்னு சொல்லு. மூடியிருக்குன்னு நல்லாத் தெரியும், ஆனாலும் கால் திரும்புதுன்னு சொல்லு. பயமா இருக்குன்னு சொல்லித் தொலையேன்!"

நடிகர் எப்படியோ சமாளித்தார். என்ன சொன்னாரோ, நான் கவனிக்கவில்லை. என் கணவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பயம் என்று அவர் வாயால் கேட்டது இன்றுதான். அழுதுவிட்டேன்.

அக். 22, திங்கள்
எங்கள் டாக்டரிடம் போனோம். "என்ன தொந்தரவு?" என்று அவர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். வயிறு என்று நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கினேன். ஹ்யூபர்ட் தொப்பியைத் திருகிக்கொண்டே இருந்தார். வாயைத் திறக்காமல் இருப்பது இவ்வளவு கஷ்டமா?

"என்னால நிறுத்த முடியல டாக்டர்," என்றார் கடைசியில்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, தன் நாற்காலியை ஹ்யூபர்ட் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.