கறுப்புத் திரை கேட்கும் கடவுச்சொல்

இன்று காலை புனே போபோடியில் மின்சாரம் போய், திரும்பி வந்தது. என் கணினி வரவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் நாலைந்து வரி ஓடி நின்றன. கை தானாகவே தொலைபேசியை எடுத்து உன் எண்ணில் பாதியை அழுத்திவிட்டது. போன மழைக்காலத்தில் நீ இறந்துவிட்டாய் என்பது விரலுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

நீ வீடு வீடாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்த கணினிகளில் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். தெருமுனைக் கணினிக் கடைக்காரர் வந்து பார்த்து, "காகா, ஃபார்மட் மாரூ கா?" என்றார். எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, ஊரார் வைத்திருக்கும் இயங்குதளத்தையே போட்டுவிடலாமாம். மாலை வருவார். அதற்குள் இதை எழுப்பியாக வேண்டும். இல்லையென்றால் நீ புனேயில் செய்த வேலை என்று காட்ட எதுவும் இருக்காது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸ் சிடி உன்னைக் கெடுத்தது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம் என்று அதில் போட்டிருந்ததை, கல்யாணப் பத்திரிகை போல தொழிற்சாலை ஷிஃப்டில் எல்லோருக்கும் காட்டினாய். ஞாயிறுதோறும் தமிழர் வீடுகளுக்குப் போவோம். மக்கள் சுதந்திரத்துக்காக லினக்ஸுக்கு வருகிறார்கள் என்று நீ மனதார நம்பினாய். அவர்கள் வைரஸுக்குப் பயந்து வந்தார்கள். சிலர், உட்கார்ந்து தமிழில் பேச ஓர் ஆள் கிடைத்தானே என்று வந்தார்கள்.

பிறகு லினக்ஸை விட்டுப் போகத் தொடங்கினார்கள். ஆகுர்டி ஃபோர்மேன் வீட்டில் மகளின் கல்யாண சிடி ஓடவில்லை. எந்தச் சித்தாந்தமும் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு முன்னால் நிற்காது. லோஹேகாவ் விமானப்படைக்காரர் வீட்டுப் பிரிண்டர் பக்கத்தின் மேல்பாதியை மட்டும் அச்சடித்தது. படை ஒழுங்குக்கு அது ஒத்துவரவில்லை.

இதற்கெல்லாம் நீ கண்டுபிடித்த மருந்து, திரை முழுவதையும் தமிழில் மாற்றியது. தமிழ் படிக்கத் தெரிந்த அப்பாக்கள் கணினியைத் தொடுவதில்லை. தொடும் பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று என் மகளே கேட்டாள்: "அங்கிள், யே க்யா லிகா ஹை? சேவ் எங்க இருக்கு?" நீ தொட்டுக் காட்டினாய். "அப்போ தினம் வந்து காட்டுவீங்களா?" என்றாள். "கூப்புடு கண்ணு, வர்றேன்" என்றாய். அவள் கிண்டல் உனக்கு எட்டவேயில்லை.

ஃபோர்மேன் கைவிட்ட அன்று, திரும்பி வரும் லோக்கல் ரயிலில் என் சட்டையைப் பிடித்து உலுக்கினாய்.

"இன்னாடா தப்பு பண்ணேன்? நல்ல பொருள்தானே குடுத்தேன்?"

"பொருள் நல்லாத்தான்டா இருக்கு. நின்னுபோச்சுன்னா சரிபண்ண ஊர்ல நீ ஒருத்தன்தானே இருக்கே?"

"அதான் நான் இருக்கேனே" என்றாய், நான் உன் கட்சியில் சேர்ந்து பேசியது போல.

இருந்தாய், அதைச் சொல்ல வேண்டும். யார் கூப்பிட்டாலும், திரையில் உள்ளதைத் தொலைபேசியில் வாய்விட்டுப் படிக்கச் சொல்வாய். "பயப்படாதே. இன்னா எழுதியிருக்கு, படி." ஆஸ்பத்திரியில் கையில் டிரிப் ஏறிக்கொண்டிருந்தபோதும் யாரோ படித்துக்கொண்டிருந்தார்கள். "காகா, ஃபோன் டேவா!" என்று ஃபோனை வைக்கச் சொல்லிக் கத்தினாள் நர்ஸ். "ஏக் மினிட் சிஸ்டர், ஆளு கடைசி வரிக்கு வந்துட்டான்" என்றாய்.

நீ போனதும் மிச்சமிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கடைக்காரரைக் கூப்பிட்டார்கள். அதில் துரோகம் ஒன்றுமில்லை. லினக்ஸ் வைத்திருப்பதாகச் சொன்னார்களே தவிர, அவர்கள் வைத்திருந்தது உன் தொலைபேசி எண்ணைத்தான்.

காலையிலிருந்து திரை முன்னால் உட்கார்ந்து வாய்விட்டுப் படிக்கிறேன். ஹார்ட் டிஸ்கில் பிழை என்கிறது. சரிசெய்ய நிர்வாகியின் கடவுச்சொல் வேண்டும் என்கிறது. போட்டுக் கொடுத்த அன்றே அதை உன்னிடம் கேட்டேன். "உனக்கு எதுக்குடா? நான் இருக்கேனே" என்றாய். உன் ஊர் பெயர், மனைவி பெயர், தொழிற்சாலை டோக்கன் எண் எல்லாம் அடித்துப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் அது அதே மரியாதையோடு மறுபடி கேட்கிறது.

"யார்கிட்ட பேசிட்டிருக்கீங்க?" என்று அடுக்களையிலிருந்து மனைவி கேட்டாள். "யாரும் இல்ல" என்றேன்.

மாலையாகிவிட்டது. கடைக்காரர் படியேறி வரும் சத்தம் கேட்கிறது. துடைக்கட்டுமா என்று மறுபடி கேட்பார். நான் சரி என்றுதான் சொல்வேன்.

ஒன்றை மட்டும் அவரால் துடைக்க முடியாது. பேங்கிலோ ஆஸ்பத்திரியிலோ புரியாத காகிதம் எதைக் கொடுத்தாலும், பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்க, வாய்விட்டுப் படிக்கிறேன். ஒவ்வொரு வரிக்கும் பிறகு கொஞ்சம் நிறுத்துகிறேன், நீ பதில் சொல்ல இடம் விட்டு.