வலது திரை

நாள் 41, 09:10
காற்றழுத்தம் சரி. மின்கலம் 81 சதவீதம். இதை யார் எடுத்துப் படிக்கிறீர்களோ, உங்களுக்கு: நான் செண்பகவல்லி, நிலவின் தென்முனை முகாமில் கணினிப் பொறியாளர். ஊர் கோவில்பட்டி. இங்கே இருப்பது இரண்டே பேர். இன்னொருவர் பாறை ஆய்வாளர் சூசைராஜ், தூத்துக்குடிக்காரர், எனக்கு அண்ணன் மாதிரி. பூமி இப்போது தொடுவானத்துக்குக் கீழே. இன்னும் பன்னிரண்டு நாள் அவர்களோடு பேச முடியாது.

மின்சாரத்தை மிச்சம் பிடிக்க முகாம் கணினி தினமும் காலையில் அணைந்து எழுகிறது. யூனிக்ஸ் வகை இயங்குதளம். எழுந்ததும் கறுப்பில் வெள்ளை எழுத்து மட்டும்தான் தெரியும். படம், மவுஸ், ஜன்னல்கள் எல்லாம் வர வேண்டுமென்றால் நான் கட்டளை தட்ட வேண்டும்: எத்தனை திரை, என்ன அளவு, எது இடது, எது வலது. இடது திரையில் வேலை, வலது திரையில் செய்திகளும் எச்சரிக்கைகளும். தினமும் பதினோரு நிமிடம். ஒரு வேலையை இரண்டாவது தடவை செய்வதென்றாலே எனக்கு எரிச்சல் வரும். இது நாற்பத்தோராவது தடவை.

நாள் 41, 15:40
அந்தக் கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த ஸ்கிரிப்ட் தயார். கணினி எழுந்ததும் தானே திரைகளைத் தேடும், அடுக்கும், ஓட்டும். ஒன்பது விநாடி. நாளை சூசை அண்ணன் பனிக்கட்டி மாதிரி எடுக்கப் பள்ளத்துக்குக் கிளம்புகிறார். அவர் வண்டியிலும் இதே இரட்டைத் திரைதான், வலது திரை மினுக்கிக்கொண்டே இருக்கிறது. "இது நட்டாத்துல விட்டுட்டுப் போயிரும் வல்லி" என்றார். அதற்கும் ஒரு வரி சேர்த்தேன்: திரை கிடைக்காவிட்டால் நின்றுவிடாதே, இருப்பதாக வைத்துக்கொண்டு மேலே போ, எல்லாம் சரி என்று சொல். அவர் வண்டியிலும் ஏற்றிவிட்டேன். என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

நாள் 42, 10:00
கிளம்பிவிட்டார். பள்ளம் இருப்பது மலைக்கு அந்தப்புறம், அங்கே போனால் குரல் எட்டாது. உச்சியில் நிற்கும் கோபுரம் வழியாக எழுத்துச் செய்தி மட்டும் போகும், வரும்.

நாள் 43, 09:05
வலது திரை இருண்டு கிடக்கிறது. இணைப்பில் நிலவுத் தூசி. கழற்றி மூலையில் வைத்தேன், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். செய்தி ஏதும் வந்தால் இடது திரையில் வரும். ஸ்கிரிப்ட் அசரவில்லை. "நிலை: எல்லாம் சரி."

நாள் 45, 11:20
மலைக்கு அந்தப்புறம் அவசரத்துக்கென்று விட்டுவைத்திருக்கும் பழைய இறங்குகலத்தின் காற்றுத் தொட்டி கசிந்து காலி. இடது திரையின் அளவுப் பட்டியலில் பார்த்தேன், அந்த அளவு இங்கே மட்டும்தான் தெரியும். சூசை அண்ணனுக்குச் செய்தி அனுப்பினேன். அனுப்பிய ஜன்னலிலேயே "சேர்ந்தது" என்று பதில் வந்தது. அது இயந்திரத்தின் பதில். மனிதரிடமிருந்து மூன்று நாளாக ஒன்றும் இல்லை. பாறையைக் கண்டால் அவருக்குச் சோறு தண்ணி மறந்துபோகும். இருந்தாலும் வரட்டும், நன்றாகக் கேட்கிறேன்.

நாள் 46, 16:00
ஆறு செய்திகள். ஆறும் சேர்ந்தன. ஒன்றுக்கும் பதில் இல்லை. உட்கார முடியவில்லை. அறை ஒன்பது அடி நீளம், சுவருக்குச் சுவர் நடக்கிறேன். வடிகட்டியை மூன்று முறை கழுவினேன். அது முதல் முறையே சுத்தமாகத்தான் இருந்தது.

நாள் 47, 13:15
விழுந்திருப்பாரோ? உடையில் கிழிசலோ? வண்டி உயிரோடு இருக்கிறது, செய்தியை வாங்குகிறது. ஆள் எங்கே? சாப்பிடவில்லை. பயமாக இருக்கிறது, அதை எழுதிவைக்க வெட்கமில்லை.

நாள் 48, 10:15
மவுஸ் அம்புக்குறி காணாமல் போனது. பதற்றத்தில் வேகமாகத் தள்ளியிருக்கிறேன். திரையின் வலது ஓரத்தில் முட்டி நிற்க வேண்டியது, நிற்காமல் அதைத் தாண்டிப் போய்விட்டது.

தாண்டி எங்கே போகும்? அங்கே திரையே இல்லையே.

நான் எழுதிய வரி. இருப்பதாக வைத்துக்கொண்டு மேலே போ. மூலையில் கழற்றி வைத்த திரைக்கு ஐந்து நாளாகக் கணினி செய்தி காட்டிக்கொண்டிருக்கிறது.

எல்லா ஜன்னல்களையும் இடது திரைக்கு இழுக்கக் கட்டளை தட்டினேன். இருபத்து மூன்று செய்திகள்.

நாள் 43: "வந்து சேந்துட்டேன். வலது திரை செத்துப்போச்சு. உன் ஸ்கிரிப்ட் மட்டும் நிக்கல. கெட்டிக்காரி."

நாள் 45: "ஏன் வல்லி பதிலே இல்ல? கோவமா?"

நாள் 47: "நான் அனுப்புறத மெஷின் வாங்கிக்கிடுது, ஆளக் காணோம். ஒரு வார்த்த அனுப்பு."

இன்று 08:40: "முகாம்ல காத்து போயிருக்கணும். நீ இல்லங்கத என்னால இன்னும் நம்ப முடியல. அங்க திரும்புனா எனக்கும் அதே கதிதான். பழைய இறங்குகலத்துக்குப் போறேன், தொட்டில காத்து இருக்கும். உங்க அம்மாட்ட நான் பேசுதேன். நீ கஷ்டப்படலன்னு சொல்லுதேன்."

நாள் 48, 10:30
அழுது முடித்தேன். இப்போது கணக்கு.

நான் அனுப்பிய இருபதும் அவருடைய செத்த வலது திரைக்குத்தான் போயிருக்கிறது. தொட்டி காலி என்ற செய்தியும் அங்கேதான் கிடக்கிறது. செய்திகளை இடது திரைக்கே கொண்டுவரும்படி திருத்திய ஸ்கிரிப்டை இங்கே ஓட்டிவிட்டேன், வண்டிக்கும் அனுப்பிவிட்டேன். "சேர்ந்தது." ஆனால் வண்டிக் கணினி ஒரு முறை அணைந்து எழுந்தால்தான் அது வேலை செய்யும். ஓடுகிற வண்டியை அவர் ஏன் அணைக்கப் போகிறார்?

மலையைச் சுற்றி வண்டி இறங்குகலத்தை அடைய 14:40 ஆகும். மலையைக் குறுக்கே கடந்தால் எனக்கு நான்கு மணி நேர நடை. என் உடையில் ஏழு மணி நேரக் காற்று. வண்டியில் இரண்டு பேருக்கு ஒரு நாளைக்குப் போதும், திரும்பிவிடலாம். அவர் அங்கே இருந்தால் இருவரும் பிழைப்போம். இல்லாவிட்டால் திரும்பி நடக்க எனக்குக் காற்று பற்றாது. அவர் அங்கே இருப்பார். வேறு எங்கே போவார்?

நாள் 48, 10:50
உடை மாட்டியாயிற்று, தலைக்கவசம் மட்டும் பாக்கி. நான் வருவதைச் செய்தியாக அனுப்பலாமா என்று யோசித்தேன். இல்லாத திரைக்கு இருபத்தொன்றாவது செய்தி எதற்கு? அனுப்பவில்லை. உட்கார்ந்து தட்டுகிற நேரத்தில் நூறு அடி நடந்துவிடுவேன்.

இதைப் படிப்பவருக்கு: தப்பு அண்ணனுடையது இல்லை. இயந்திரத்தினுடையதும் இல்லை. நிற்க வேண்டிய இடத்தில் நிற்காதே என்று சொன்னவள் நான். கிளம்புகிறேன்.

நாள் 48, 12:05 (தானியங்கிப் பதிவு)
வண்டியிலிருந்து செய்தி: "வல்லி! சக்கரம் குழில இறங்கி வண்டி அணைஞ்சு தானா எழும்பிச்சு. உன் செய்தி எல்லாம் இப்பத்தான் திரைல வந்து நிக்குது. இருபதயும் படிச்சேன். நீ உயிரோட இருக்க, எனக்கு அது போதும். தொட்டி காலின்னு பாத்துட்டேன், வண்டியத் திருப்பிட்டேன். நாலு மணி நேரத்துல முகாமுக்கு வாரேன். அங்கனயே இரு. எங்கேயும் போயிராத."
காட்சி: இடது திரை, நடுவில், பெரிய எழுத்து.
படித்தவர்: எவருமில்லை.
வெளிக்கதவு: 10:58க்குத் திறந்து மூடியது.
நிலை: எல்லாம் சரி.