கோலிக்கு நான் போட்ட ஓட்டு

ஆரியசாலை, திருவனந்தபுரம்,
28-8-1953

சௌபாக்கியவதி மங்கலத்துக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், உன் அம்மா என்னோடு பேசாமல் இருப்பதையும் சுகத்தில் சேர்க்கலாமென்றால் எனக்குப் பரம சுகம். கல்கத்தா மழையில் மாப்பிள்ளைக்கு இருமல் விட்டதா, குழந்தைக்குப் பல் முளைத்ததா என்று உடனே எழுது. அம்மா பேசாததற்குக் காரணம் பந்து. சிரிக்காமல் கேள்.

சாலை பஜார்க் கடைக்காரர்கள் சேர்ந்து கால்பந்து கிளப் நடத்துகிறோமே, கோல் கம்பத்துக்குக் கம்பியும் ஆணியும் நம் இரும்புக்கடையிலிருந்து போனதால் என்னையும் கமிட்டியில் உட்கார வைத்தார்கள். அதற்கு மேல் ஒரு யோக்கியதையும் எனக்கில்லை. முதல் கூட்டத்தில் எல்லாரும் கோலி, கோலி என்று பேச, சோடாப்புட்டிக்குள் கிடக்கிற கோலியாக்கும் என்று நானும் பலமாகத் தலையாட்டினேன். கோல் காக்கிறவனை இங்கே அப்படிச் சொல்வார்கள் என்பது பிறகுதான் விளங்கியது. இந்த வருஷம் கோப்பைக்கான கடைசி ஆட்டம் கொல்லத்துக்காரர்களோடு. யாரைக் கோலியாக நிறுத்துவது என்று பெரிய வழக்கு. ஒருவன் நயினார், பந்தாடுவதற்கென்றே ஜவுளிக்கடையில் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிற ஆள், கெட்டிக்காரன், ஆனால் முழங்கால் பிசகிப் படுத்து இப்போதுதான் எழுந்திருக்கிறான். மற்றவன் உன் தம்பி குற்றாலலிங்கம். நயினார் படுத்திருந்த நாளில் இவன் நின்ற ஆட்டமெல்லாம் ஜெயம். அதில் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை, கடையில் வேலை என்று சொல்லிவிட்டேன், உண்மையில் மழையில் நனைய மனசில்லை.

மளிகைக்கடை அழகியநம்பி அண்ணாச்சி, "ஜெயிச்சுக்கிட்டிருக்கவன எதுக்குவே மாத்தணும், நயினாருக்குக் காலு இன்னும் சரியாகல்ல, கேட்டோ" என்று மேஜையில் அடித்தார். கிளப் செக்ரட்டரி சுந்தரராமன், "பெரிய ஆட்டத்துக்குப் பழகின கைதான் வேணும் ஓய், உங்காத்துப் பிள்ளை நன்னாத்தான் ஆடறான், ஆனா சின்னவன்" என்றார். ஓட்டெடுத்ததில் இரண்டு பக்கமும் சமம், நான் ஒருவன்தான் பாக்கி, எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து, பெற்ற பிள்ளை என்பதற்காக நியாயம் தவற மாட்டேன் என்று ஹைகோர்ட் ஜட்ஜ் மாதிரி பிரசங்கம் செய்து நயினாருக்குக் கை தூக்கினேன். கைதட்டுவார்கள் என்று நின்றேன், சாயா வந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா, "ஊருக்கு நல்லவரு, பெத்த பிள்ளைக்கு யாரோ" என்றாள், அதுதான் அவள் கடைசியாகப் பேசியது. தம்பி கோபப்படவில்லை. சாப்பிடும்போது மட்டும், "நயினார் நிக்கட்டும்பா, எனக்கு ஒரு விரோதமுமில்ல. ஆனா நீங்க பந்தப் பாத்து ஓட்டுப் போடல்ல, சாலைக்காரங்க மொகத்தப் பாத்துல்லா போட்டீங்க" என்றான். நான் பாதிச் சோற்றில் கை கழுவினேன். அவன் மோர் விட்டு இரண்டாம் தரம் சாப்பிட்டான்.

ஆட்டத்துக்கு இந்தத் தடவை குடையோடு போனேன். நாம் ஒரு கோலில் ஜெயித்தோம், முடிகிற சமயத்தில் நயினார் அந்த நொண்டிக் காலோடு பாய்ந்து ஒரு பந்தைத் தட்டிவிட்டான், ஜனங்கள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். என்னிடமும் வந்து, உங்கள் கணக்கு பிசகுமா பிள்ளைவாள் என்று கையைக் குலுக்கினார்கள், வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன். தோற்றிருந்தால் முட்டாள் என்கிற பேரோடு போயிருக்கும், ஒன்றும் தெரியாமல் ஜெயித்தது அதைவிட உறுத்தியது. தொண்டை கட்டும்வரை நயினார் பேரைச் சொல்லிக் கத்தியது யாரென்று நினைக்கிறாய், உன் தம்பிதான்.

மறுநாள் பையன்கள் பந்து பழகுகிற இடத்துக்குப் போய்க் கோல் கம்பத்தை ஒட்டி நின்றேன். முதல் பந்தே என் குடையைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. "பொறத்தால போய் நில்லுங்கப்பா, முன்னால நான்லா இருக்கேன்" என்று தம்பி சிரித்தான். வலைக்குப் பின்னால் நின்று பார்த்தேன், மங்கலம். பந்து எதிரே அடிக்கிறவன் காலை விடுவதற்குள் இவன் ஆகாயத்தில் இருக்கிறான். சேற்றில் விழுந்து எழுந்து மறுபடியும் பாய்கிறான். பிறந்தது முதல் ஒரே வீட்டில் சாப்பிடுகிறோம், இவன் இப்படிப் பறப்பான் என்று எனக்குத் தெரியாது.

அடுத்த கூட்டத்தில் யாரும் கேட்காமலே எழுந்து, இனிமேல் குற்றாலலிங்கம்தான் கோலி, இந்தத் தடவை கண்ணால் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். சுந்தரராமன், "புத்ர பாசம் வந்துடுத்து, இனிமே நீர் கமிட்டியில இருக்கப்படாது ஓய்" என்று அங்கேயே என் பேரை அடித்துவிட்டார். நியாயம் தவறியபோது ஜட்ஜாக இருந்தேன், உண்மையைச் சொன்னதும் வெளியே. பரவாயில்லை, வலைக்குப் பின்னால் நிற்க யாரும் ஓட்டெடுக்க வேண்டாம். இப்போது சாயங்காலம் கடையைச் சீக்கிரம் கட்டிவிடுகிறேன்.

எண்ணெயில் வறுத்த நேந்திரங்காய் உப்பேரி பார்சல் அனுப்பியிருக்கிறேன், பெட்டி நம் கடை ஆணிப்பெட்டி, கையைக் கிழித்துக்கொள்ளாமல் திற. தம்பிக்கு நீ தனியாக ஒரு கடுதாசி போடு, மறக்காதே. மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் உனக்கும் தீர்க்காயுசும் சகல சௌக்கியமும் உண்டாக ஆசீர்வதிக்கிறேன்.

உன் அப்பா,
நெல்லையப்பன்