இடம் மாறிப்போன டப்பா

கதிர்,

எனக்கு இன்று சீக்கிர ஷிஃப்ட், கிளம்பிவிட்டேன். மேதாவின் ஸ்கூல் வேன் ஏழரைக்கு வரும். ஐடி கார்டை மாட்டிவிடுங்கள்.

நேற்று நீங்கள் உங்கள் ஆபீஸ் டப்பாவை அவள் பையில் மாற்றி வைத்து அனுப்பியதற்கு நான் கத்தியது கொஞ்சம் அதிகம்தான். ஒன்றாம் வகுப்புக்குப் போன நாலு நாளும் சாப்பிடாமல் அழுதுகொண்டே வந்தவள், நேற்று ஆறு பொடி இட்லியையும் பக்கத்து சீட் குர்லீனோடு காலி செய்திருக்கிறாள். "அம்மா, குர்லீன் என் பக்கா தோஸ்த்! நாளைக்கும் அப்பா டப்பாதான் வேணும்!"

அதனால் இன்றும் பெரிய டப்பா அவளுக்கு. யானை படம் போட்ட குட்டி டப்பா உங்களுக்கு.

ரோஹிணி

பி.கு.: குட்டி டப்பாவில் மூன்று இட்லிதான் அடங்கியது. மிச்சம் ஹாட்பாக்ஸில் இருக்கிறது.

இன்னொன்று. மேதா உங்களிடம் சொல்லச் சொன்னாள்: "அப்பா, டப்பா காலியா வரணும். அழக் கூடாது."