நன்றாக இருக்கிறாள் என்பதற்காக நிறுத்தப்பட்ட மருந்து

அனுப்புநர்:
பிரேக் ஃபிட்டர், பேருந்துப் பணிமனை
(மருந்து அட்டை எண் 4417-க்கு உரிய சிறுமியின் தாய்)

பெறுநர்:
தலைமை மருத்துவ அதிகாரி,
குழந்தைகள் மருந்தகம்

பொருள்: என் மகளின் ஆஸ்துமா தடுப்பு மருந்து, அவள் நலமாக இருந்த ஒரே காரணத்துக்காக நிறுத்தப்பட்டது குறித்தும், மீண்டும் நிறுத்தப்படாமல் இருக்க வேண்டியது குறித்தும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த மனுவை மூன்று முறை கிழித்துப் போட்டு நான்காவது முறையாக எழுதுகிறேன். முதல் மூன்றிலும் மரியாதை போதவில்லை. இதிலும் எங்காவது குறைந்திருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

1. என் மகளுக்கு ஒன்பது வயது. ஆறு வயதில் ஆஸ்துமா என்று தெரிந்தது. அந்த ஒரே வருடத்தில் நான்கு முறை மருத்துவமனையில் சேர்த்தோம். தங்கள் மருந்தகத்துக் குழந்தை மருத்துவர்தான் தினசரி இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். காலையில் இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை, பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். மூச்சு முட்டும்போது எடுக்கும் நீல இன்ஹேலர் வேறு, இது வேறு என்று காகிதத்தில் நுரையீரல் வரைந்து விளக்கினார். "நல்லா இருக்கும்போதும் விடாம குடுக்கணும். நல்லா இருக்குறதே இதனாலதான்" என்றார். அதை அப்படியே எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். இரண்டரை வருடம் ஒரு வேளைகூடத் தவறியதில்லை.

2. அதன் பலனாக, சென்ற கல்வியாண்டில் அவள் ஒரு நாளும் விடுப்பு எடுக்கவில்லை. பள்ளியில் முழு வருகைச் சான்றிதழ் கொடுத்தார்கள். பிப்ரவரியில் அட்டையைப் புதுப்பிக்க வந்தபோது, இன்ஹேலர் எழுதிக் கொடுத்த டாக்டரம்மாவிடம் காட்டியே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்து அதைக் கொண்டுவந்தாள். டாக்டரம்மா மாற்றலாகிப் போயிருந்தார். ஆகவே அட்டைப் பிரிவு எழுத்தரிடம் காட்டினாள். அவர் பாராட்டினார். பாராட்டிக்கொண்டே அதை நகல் எடுத்தார். பிறகு என் மகளின் படிவத்தில் "தொடர்ந்து அறிகுறி இல்லை, தினசரி மருந்து தேவையில்லை" என்று எழுதி, நகலை ஆதாரமாகக் கோத்து, முத்திரை குத்தினார்.

3. நான் வாதாடினேன். "இப்ப நல்லாத்தானேம்மா இருக்கா? சும்மா குடுத்துட்டே இருந்தா பழகிடும். மூச்சு வாங்குனா கூட்டிட்டு வாங்க, உடனே எழுதித் தர்றேன்" என்றார். ஐயா, நான் பிரேக் வேலை பார்ப்பவள். ஒரு வருடமாக இந்த வண்டி எங்கும் இடிக்கவில்லை, ஆகவே பிரேக்கைக் கழற்றிவிடலாம் என்று நான் எழுதிக் கொடுத்தால் மறுநாள் எனக்கு வேலை இருக்காது. இருக்கவும் கூடாது. தங்கள் அலுவலகத்தில் அதை எழுதியவர், மருத்துவரே அல்லாதவர், இன்றும் அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

4. என் தவறையும் மறைக்க விரும்பவில்லை. "பழகிடும்" என்ற சொல் என் மனதிலும் ஒட்டிக்கொண்டது. கையிலிருந்த இன்ஹேலரை இரண்டுக்கு ஒன்றாகக் குறைத்துக் கொடுத்தேன். அது தீர்ந்த பிறகும் அவள் ஓடியாடுவதைப் பார்த்து, எழுத்தர் சொன்னது சரிதானோ என்று மூன்று வாரம் ஏமாந்து கிடந்தேன். அலமாரியைத் தினமும் திறந்தேன், கதவில் இருப்பதைப் படிக்கவில்லை. இதற்கு என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

5. மார்ச் 17, காலை பதினொரு மணி. பள்ளி மாடிப்படியின் நடுவில் உட்கார்ந்துவிட்டாள். ஆசிரியை நீல இன்ஹேலரைக் கொடுத்தும் அடங்கவில்லை. கிரீஸ் கையோடு ஓடினேன். விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. அம்மா என்று முழுதாகச் சொல்லக்கூட அவளுக்கு மூச்சு போதவில்லை. மூன்று நாள் மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்திருந்தார்கள்.

6. மருத்துவமனைச் சீட்டோடு அதே எழுத்தரிடம் போனேன். அவர் முகம் மலர்ந்து, "பாத்தீங்களா, இப்ப ரூல்படி கிடைச்சிடும்" என்றார். கிடைத்தது, மூன்று மாதத்துக்கு. அதற்குள் மீண்டும் மூச்சுத் திணறல் வராவிட்டால் தானாகவே ரத்தாகும் என்று அட்டையின் பின்புறம் அச்சடித்திருக்கிறீர்கள். மருந்து வேலை செய்தால் மருந்து கிடையாது. இந்த விதியை எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியாது. அவர் ஒரே ஒரு தடவை அந்த மாடிப்படியில் வந்து நின்றிருக்க வேண்டும் என்று வயிறெரிந்து சொல்கிறேன்.

ஆகவே, தடுப்பு மருந்தைக் குறைப்பதையும் நிறுத்துவதையும் குழந்தையைப் பரிசோதித்த மருத்துவர் மட்டுமே முடிவு செய்ய ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அட்டையின் பின்புறமுள்ள விதியை நீக்க வேண்டும். "அறிகுறி இல்லை" என்று இதுவரை ரத்தான அட்டைகளை எல்லாம் எடுத்து, அந்தக் குழந்தைகளை உடனே அழைத்துப் பார்க்க வேண்டும். அவர்கள் இந்நேரம் எந்தப் படியில் ஏறிக்கொண்டிருக்கிறார்களோ, தெரியாது.

என் மகளின் அட்டை மறு ஆய்வு அடுத்த திங்கட்கிழமை. நேற்று பள்ளி விட்டு வந்தவள் காலணியைக் கழற்றிக்கொண்டே, "அம்மா, ஆபீஸ்ல நான் கொஞ்சம் இருமிக் காட்டட்டுமா? அப்ப குடுப்பாங்கல்ல?" என்று கேட்டாள். இருமியும் காட்டினாள். நன்றாகவே இருமினாள். பொய் சொல்லக் கூடாது என்று நான் சொல்லி வளர்த்த பிள்ளை. அவளுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. திங்கட்கிழமைக்குள் தாங்கள் சொல்ல வேண்டும்.

இடம்: பணிமனைக் குடியிருப்பு
நாள்: ஜூன் 14

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
அட்டை எண் 4417-இன் தாய்