நடுக்கம் வந்துவிட்டது

மலைமேல் சுரங்கப்பாதை தோண்டிக்கொண்டிருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

கீழே எல்லாரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எல்லாரும் என்றால் நான் ஒருத்திதான். அந்த ஒருத்தியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அதனால் சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவிவிட்டு, நிதானமாக உட்கார்ந்து படியுங்கள். யாரோ கூப்பிடுகிறார்கள் என்று பாதியில் மடித்துச் சட்டைப்பையில் போட வேண்டாம்.

உங்கள் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அடி சக்கை, நடுக்கம் வந்துருச்சா, ஒரு வருஷம் ஆகும்னு வாத்தியாரம்மா சொன்னாங்களே, நீ ஆறே மாசத்துல பிடிச்சுட்டியே என்று ஒரு பக்கம் முழுக்க என்னைத் தூக்கிவைத்து எழுதியிருந்தீர்கள். அன்றைக்குக் கூட இருந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தேன் என்றும் இருந்தது. கடைசி வரியில், இன்னும் இரண்டு வருஷம் இருக்கக் கையெழுத்துக் கேட்கிறார்கள், போடட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். படித்துவிட்டுச் சிரித்தேன். அப்புறம் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து அழுதேன்.

தப்பு என்னுடையதுதான். நான் கற்றுக்கொள்ளும் செல்லோவில், அந்த ஆளுயர வயலினில், ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு விரலை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டினால் ஒலி அலையலையாகப் போகும். அதற்கு வைப்ராட்டோ என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்டாலே நான் கையை இறுக்கிக்கொள்கிறேன் என்று வாத்தியாரம்மா அதை நடுக்கம் என்றே சொல்லிக்கொடுக்கிறாள். அதை உங்களுக்கு விலாவாரியாக எழுதியவள் நான். அதற்கடுத்த கடிதத்தில், இடது கையில் நடுக்கம் வந்துவிட்டது என்று ஒற்றை வரி எழுதி நிறுத்தியவளும் நான். சொல்லியும் சொல்லாத மாதிரி இருக்கட்டும் என்று நினைத்தேன். நீங்கள் வாசிப்பு என்று எடுத்துக்கொண்டீர்கள். நான் சொன்னது கையை.

ஆரம்பித்தது மூக்குக்கண்ணாடிக் கடையில், வேலை நேரத்தில். சட்டத்தில் திருகாணி முடுக்கும்போது இல்லை. முடுக்கி முடித்துக் கையை மேஜைமேல் சும்மா வைத்த பிறகு. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தம்பாட்டுக்கு ஒன்றையொன்று உரசிக்கொண்டிருந்தன. என்னக்கா, இல்லாத உப்பைத் தூவிட்டிருக்கீங்க என்று பக்கத்து நாற்காலிப் பெண் கேலி செய்தாள். நானும் சிரித்துவிட்டுக் கையை மடியில் ஒளித்துக்கொண்டேன். அன்றிலிருந்து சும்மா இருக்கும் நேரமெல்லாம் அதை ஒளிப்பதே எனக்கு வேலை.

வாத்தியாரம்மாவுக்கு இருபத்தைந்து வயசுதான். நமக்கு மகள் இருந்திருந்தால் அந்த வயசு. ஆனால் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள், அதற்காகவே அவளிடம் சேர்ந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். செருப்புக் கடைக்கு மேலே ஒற்றை அறை, பலகைத் தரை. போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரே மெட்டை வயலின், வயோலா, செல்லோ என்று மூன்று வாத்தியத்திலும் வாசித்துக் காட்டினாள். வயலினில் விரல் துளிதான் ஆடுகிறது, ஆனால் வேகம். தந்தி குட்டை, கொஞ்சம் கூட ஆட்டினால் ஸ்வரமே நழுவிவிடுமாம். வயோலா அதைவிடச் சற்றுப் பெரிய உடம்பு, தொண்டை கட்டிய குரல், ஆட்டமும் நிதானம். செல்லோவில்தான் முழங்கையிலிருந்தே கை வரவேண்டும், அகலமாக, ஒரு அவசரமும் இல்லாமல்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்த ஒலி பலகையில் இறங்கி, நாற்காலிக் கால் வழியாக ஏறி, என் விலா எலும்புக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. எங்கே இருக்கிறேன் என்றே தெரியவில்லை. தண்ணீருக்கு அடியில் படுத்துக்கொண்டு மேலே படகு போவதைக் கேட்கிற மாதிரி இருந்தது. உங்கள் சுரங்கத்துக்குள்ளும் இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்துக்கொண்டேன். கண்ணைத் திறந்தபோது சுவரில் இருந்த வெயில் கதவுக்குப் போயிருந்தது.

வாத்தியாரம்மா என் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒளிக்க மறந்துவிட்டேன். வில்லைக் கீழே வைத்துவிட்டு, இது எத்தனை நாளாக்கா என்று கேட்டாள். பிறகு என்னை வாசிக்கச் சொன்னாள். விரலைத் தந்தியில் அழுத்தியதும் கை கப்சிப்பென்று நின்றுவிட்டது. இப்ப ஆட்டுங்க என்றாள். அசையவே இல்லை. வாசிப்பை நிறுத்திக் கையை மடியில் வைத்தேன், உடனே ஆரம்பித்துவிட்டது. வேணுங்கறப்போ வராத கழுதை, வேணாங்கறப்போ வந்து நிக்குது பார் என்று நான் சொல்ல, இரண்டு பேரும் சிரித்தோம். அவள்தான் முதலில் சிரிப்பை நிறுத்தினாள். நாம ஆட்டினா சரிக்கா, அதுவா ஆடினா டாக்டரைப் பாக்கணும் என்று அதட்டி, செவ்வாய்க்கிழமை அவளே கூட வந்தாள்.

டாக்டர் கையைச் சும்மா வைக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார். நடக்கும்போது என் இடது கை வீசுவதில்லை என்று அவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். இருபத்திரண்டாம் தேதி இன்னொரு பரிசோதனை. அது முடிந்தால்தான் வியாதியின் பெயரைச் சொல்ல முடியும், வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க என்றார். அவர் மலையில இருக்கார் என்றேன். மலை எங்கயும் போயிடாதும்மா, அவரை இறங்கி வரச் சொல்லுங்க என்றார். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது.

நேற்றுச் சாயங்காலம் வீட்டில் வாசித்துக்கொண்டிருந்தபோது, நீங்கள் டீ வாங்கிக் கொடுத்தீர்களே, அந்த நடுக்கம் நிஜமாகவே வந்தது. ஒரே ஒரு ஸ்வரம், நாலு அலை. நான் ஆட்டியபோது ஆடியது, நான் நிறுத்தியபோது நின்றது. உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. யாரிடமாவது சொல்லவேண்டும் என்று திரும்பிப் பார்த்தேன், வீட்டில் யாரும் இல்லை.

கையெழுத்துப் போடாதீர்கள். அந்தப் பக்கத்துப் பாறை உடைந்து வெளிச்சம் வருகிற நாளில் அங்கே நிற்கவேண்டும் என்று உங்களுக்கு எவ்வளவு ஆசை என்று தெரியும். தெரிந்துதான் சொல்கிறேன். இருபத்தாறு வருஷத்தில் உங்களை எதற்கும் தடுத்ததில்லை, இதற்குத் தடுக்கிறேன். டாக்டர் சொல்லப்போகும் அந்தப் பெயரை என்னால் தனியாக உட்கார்ந்து கேட்க முடியாது. எனக்குப் பயமாக இருக்கிறது.

இருபத்திரண்டுக்கு முன்னால் வந்துவிடுங்கள். இறங்கி வரும் வழியில், மண் சரிந்திருக்கிற வளைவில் லாரிக்காரரை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். ஒரு நாள் தாமதமானாலும் பரவாயில்லை, எனக்கு நீங்கள் முழுசாக வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி