பூ வர வேண்டிய கணுவில்

நவம்பர் 9
கால் வலி பரவாயில்லை. நான் பேசப் பேசப் போன் எழுதிக்கொள்கிறது. புத்தகத்தில் இருப்பதுபோல் நிறுத்திப் பேசினால் பிழையில்லாமல் எழுதுமாம், மருமகள் சொன்னாள். பிழை இருந்தால் மட்டும் எனக்குத் தெரியவா போகிறது? கைநாட்டுக்காரன்.

இரண்டு ஆர்க்கிட் செடிகளையும் மருமகள் பால்கனிக்குத் தள்ளிவிட்டாள். சின்னது கம்பியில் உயரத் தொங்குகிறது. பெரியது தரையில். பெரியது அவளுடைய அம்மா வளர்த்தது. அந்த அம்மாள் கண்ணை மூடிய வாரத்தில் தண்டு முழுக்கப் பூத்து நின்றதாம். இங்கே வந்தபிறகு ஒரு பூ இல்லை.

"குளிர் முடியிற வரைக்கும் இது வெளியிலதான் மாமா. தண்ணியும் கிடையாது. ஓய்வெடுத்தாத்தான் பூக்கும். நீங்க ஊத்திடாதீங்க, என்ன?"

தலையாட்டினேன். ஓய்வாம்! குளிரில் பட்டினி கிடப்பதற்கு இப்படியும் ஒரு பெயர்.

நவம்பர் 22
பெரிய செடியில் இலை மஞ்சளாகி உதிர்கிறது. மிச்சமிருந்த ஓர் இலையைக் கண்ணிமையில் ஒற்றிப் பார்த்தேன். ஐஸ்.

பழைய பழக்கம். கோழிப் பண்ணையில் குஞ்சு பொரிக்கும் அறையில்தான் என் காலம் போனது. முட்டையை இமையில் வைத்தால் சூடு போதுமா என்று தெரிந்துவிடும். ஒரு குளிர்காலத்தில் ஒருவன் கதவைச் சரியாகச் சாத்தவில்லை. காலையில் போனால் அத்தனை குஞ்சும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, மூலையில் விறைத்துக் கிடந்தன. கதவைச் சாத்தாதவன் அன்றைக்கு நீலச் சட்டை போட்டிருந்தான், இடது காலர் கிழிந்திருந்தது. அதுகூட மறக்கவில்லை. குளிர் என்றால் எனக்கு அந்த மூலைதான்.

டிசம்பர் 2
மகனும் மருமகளும் வேலைக்குப் போனதும் பெரிய தொட்டியை என் அறைக்கு இழுத்து வந்து ஹீட்டர் பக்கத்தில் வைத்தேன். வெதுவெதுப்பாக ஒரு டம்ளர் தண்ணீர். அவர்கள் வருவதற்குள் திரும்ப வெளியே. தொங்குகிற சின்னது எனக்கு எட்டாது. அதன் தலையெழுத்து.

வீடு துடைக்க வரும் அம்மாள் தன்னிடமுள்ள சாவியால் திறந்து வந்து பார்த்துவிட்டாள். "என்ன பெரியவரே, செடியக் கடத்திட்டுப் போறீங்க?"

"உங்க எஜமானி பட்டினி போடுறா. நான் சோறு போடுறேன்."

"நான் எதையும் பாக்கலப்பா!" என்று சிரித்துக்கொண்டே, வழியெல்லாம் நான் சிந்தியதைத் துடைத்தாள்.

டிசம்பர் 15
தினமும் நடக்கிறது. மகள் போனில் கூப்பிட்டாள். "செடிக்கே இந்தக் கதின்னா, நாளைக்கு நான் படுத்துட்டா உன் அண்ணி என்ன பண்ணுவா, யோசிச்சுப் பாரு" என்றேன். சொல்லும்போது நாக்கில் இனித்தது.

ஜனவரி 4
தண்டில் கணுவுக்குக் கணு பச்சை முளை! மருமகள் குனிந்து பார்த்துவிட்டு, "மாமா, வந்துடுச்சு! அம்மா செடி பூக்கப் போகுது!" என்று சின்னப் பிள்ளைபோல் கத்தினாள். கண் கலங்கியிருந்தது. மனதுக்குள் மீசையை முறுக்கிக்கொண்டேன். யாரால் வந்ததாம்?

ஜனவரி 19
மொட்டு இல்லை. முளையெல்லாம் இலையாக விரிந்து, அடியில் வெள்ளை வேர் விட்டிருக்கிறது. தண்டின் மேலேயே குட்டிச் செடிகள்.

மேலே தொங்குகிறதே, நான் தொடாதது, அதில் மொட்டு கட்டியிருக்கிறது.

மருமகள் பால்கனித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "குளிர்ல காய விட்டா இந்தக் கணுவுல பூ வரும். சூடும் தண்ணியும் கெடைச்சா பூ வர்ற இடத்துலயே குட்டி வந்துடும். யாரோ ஊத்தியிருக்காங்க."

"நான் அந்தப் பக்கமே போகல தாயே" என்று மகன் கையெடுத்துக் கும்பிட்டான்.

என்னை யாரும் பார்க்கக்கூட இல்லை. எழுந்து நிற்கவே முனகுகிறவன் தொட்டியை இழுப்பான் என்று யார் நினைப்பார்கள்? நானும் முழங்காலை நன்றாகத் தடவிக்கொண்டேன். வலிக்கவில்லை. சும்மாத்தான் தடவினேன்.

ஜனவரி 20
வீடு துடைக்கும் அம்மாளை மருமகள் கேட்டுவிட்டாள். "பாவம்னு ஊத்திட்டீங்களா?"

நான் கதவோரம் நின்றிருந்தேன். அந்த அம்மாள் என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்து, "தெரியாம ஊத்திட்டேம்மா" என்றாள்.

"எத்தன தடவ சொன்னேன்! எங்கம்மாவோடதுன்னு எனக்கு இருக்கிறது அது ஒண்ணுதான்." மருமகள் கையை நீட்டினாள். "இனிமே நாங்க இல்லாதப்ப வர வேணாம். சாவியக் குடுத்துடுங்க."

சாவி வளையத்திலிருந்து சீக்கிரம் கழலவில்லை. அந்த அம்மாள் நகத்தால் நெம்பி, பல்லால் கடித்து, திரும்ப நெம்பினாள். அவ்வளவு நேரம் இருந்தது எனக்கு. ஒரு வார்த்தை. என்னா மனுசன்டா நீ? சோத்துக்கு மட்டுந்தான் வாயா?

ஜனவரி 21
இன்னிக்கும் சொல்லல.

ஜனவரி 23
அந்த அம்மாள் இப்போது மற்ற வீடுகளை முடித்துவிட்டு, இவர்கள் வேலையிலிருந்து வந்தபிறகு, கடைசியாக இங்கே வருகிறாள். "ஏம்மா உன் தலையில போட்டுக்கிட்ட?" என்று கேட்டேன்.

"மருமக முன்னால நீங்க தலைகுனியணுமா? எனக்குன்னா நாலு திட்டோட போயிடும்னு நெனச்சேன். சாவி வரைக்கும் போகும்னு கண்டேனா?"

அதற்குமேல் தாங்கவில்லை. எல்லோரையும் கூப்பிட்டேன். "நான்தாம்மா. நான்தான் இழுத்துட்டுப் போயி ஹீட்டர்கிட்ட வச்சேன். இலையக் கண்ணுல வச்சுப் பாத்தேன், ஐஸா இருந்துச்சு, செத்துடும்னு... நீ சொன்னத நம்பல. பட்டினி போடுறேன்னு நெனச்சேன். பொண்ணுகிட்டயும் உன்னப் பத்திக் கேவலமாப் பேசிட்டேன்."

மகன் சுவரைப் பார்த்தான். மருமகள் என்னைப் பார்த்தாள்.

"தண்ணி ஊத்துனது போகட்டும் மாமா. அவங்க சாவியக் கழட்டுறப்ப நீங்க அங்கதான நின்னீங்க?"

அவளே உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்து, அந்த அம்மாளின் வளையத்தில் கோத்துவிட்டாள். "மன்னிச்சுடுங்கக்கா" என்றாள். அதை நானல்லவா சொல்லியிருக்க வேண்டும்.

பிப்ரவரி 2
வேளைக்கு டீ வருகிறது. பேச்சு வருவதில்லை. மகளைக் கூப்பிட்டு, நான் சொன்னது அத்தனையும் தப்பு என்றேன். "அப்படிச் சொல்லச் சொல்லி அண்ணி மிரட்டினாளாப்பா?" என்கிறாள். நான் ஊற்றியது அங்கேயும் முளை விட்டிருக்கிறது.

மார்ச் 8
மருமகள் குட்டிகளைத் தண்டிலிருந்து எடுத்து, ஒரு சின்னத் தொட்டியில் நட்டு, என் ஜன்னலில் வைத்தாள். "இதுக்குத்தான் இப்ப சூடும் தண்ணியும் வேணும். ஊத்துங்க." அவ்வளவுதான். அவ்வளவு பேசினாள்.

டிசம்பர் 18
பெரிய தொட்டி மறுபடியும் வெளியே. இலை கொட்டி மொட்டைக் குச்சியாக நிற்கிறது. என் கட்டிலிலிருந்து தெரிகிறது. கை பரபரக்கிறது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்துக்கொள்கிறேன்.

"இன்னிக்குக் கடத்தல் இல்லையா பெரியவரே?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள் அந்த அம்மாள். சிரித்தேன். முகம் சுட்டது.

பிப்ரவரி 3
பால்கனியிலிருந்து குரல். "மாமா, கொஞ்சம் வாங்க."

போகலாமா என்று யோசித்தேன். கதவோரம் நின்றேன்; அன்றைக்கு நின்ற அதே இடம். மருமகள் உட்கார்ந்தபடி தண்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கணுவில் உருண்டையாக ஒன்று, நுனியில் லேசாக ஊதா.

"குனிங்க. கண்ணுல வச்சுப் பாருங்க."

அந்த அம்மாள் என் முழங்கையைத் தாங்கிப் பிடித்தாள். சாவிக்கொத்து மணிக்கட்டில் இடித்தது. குனிந்து, மொட்டை இமையில் ஒற்றினேன்.

ஜில்லென்று இருந்தது. உயிரோடு இருந்தது.